மார்க்கர் நகரக் கூடாது

“நைனா, கால மாத்தாத.”

முன்னால் பார்த்தபடியே சொன்னாள் என் மகள் தமிழினி. தலையைத் திருப்பவில்லை. சாலையோரத்தில் கைவீசி அவள் நடக்க, தோளில் துண்டும் இடுப்பில் கொக்கியுமாக நான் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். கோட்டை மலையின் உச்சிப் பாறைகளில் மட்டும் வெளிச்சம் ஏறியிருந்தது. அடிவாரமும் நாங்களும் இன்னும் இருட்டில்தான். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பரேடு பழக, நான் நெல் மண்டிக்கு மூட்டை தூக்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழி ஒன்றுதான்.

“நான் எங்க மாத்தறேன்?”

“மாத்தற. என் காலும் உன் காலும் ஒண்ணா வுழுந்தா ஒடனே ஒரு தத்து தத்தற. தெனமும் பாக்கறேன்.”

அப்போதுதான் என் காலை நான் கவனித்தேன். அவள் சொன்னது சரி. அவளுடைய பூட்ஸ் தார்மேல் ‘டக்’ என்று விழுகிற அதே நேரத்தில் என் செருப்பு விழுந்தால், அடுத்த அடியை என் கால் தானாகவே கொஞ்சம் தள்ளிப் போட்டது. நான் சொல்லி அது செய்யவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது தத்தறது இல்ல பாப்பா. பொழப்பு.”

லாரியில் மூட்டை ஏற்றுவதற்குப் பலகையைச் சாய்த்துப் போடுவார்கள். முதுகில் மூட்டையோடு அதன்மேல் ஏற வேண்டும். முன்னால் ஒருவன் போவான், பின்னாலேயே இன்னொருவன். இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் விழுந்தால் பலகை தூளி மாதிரி ஆடத் தொடங்கும். அப்படியே நாலு அடி வைத்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். எங்களோடு மூட்டை தூக்கும் தேவேந்திரனுடைய அண்ணன் அப்படி விழுந்தவன்தான். இன்றைக்கும் அவன் வீட்டு வாசலில் கட்டிலில் கிடக்கிறான். அதனால் மண்டிக்குப் புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் முதலில் பழக்குவது மூட்டை தூக்க அல்ல. முன்னால் போகிறவன் அடி காதில் விழுந்ததும் நம் அடியை விலக்கிக்கொள்ளத்தான். அது உடம்பில் ஊறிப் போனால் பிறகு போகாது. கல்யாண ஊர்வலத்தில் நடந்தாலும் சரி, சாவு ஊர்வலத்தில் நடந்தாலும் சரி, பக்கத்தில் ஒருத்தன் வந்தால் என் கால் விலகிக்கொள்ளும்.

நான் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவள் கைவீசி நடந்தாள். பிறகு, “எங்க மிஸ்கிட்ட மாட்டுன, கிரவுண்ட சுத்தி ஓட வுட்டுருவாங்க ஒன்ன” என்றாள்.

அவள் என்.சி.சி.யில் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்த விஷயமே எனக்குத் தெரியாது. ஒருநாள் மண்டியிலிருந்து வந்தபோது கொடியில் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. போலீஸ்காரன் எவனாவது வந்து குளித்துவிட்டுப் போனானா என்று கேட்டேன். என் வீட்டுக்காரி மீனம்பாள்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் நின்ற வரிசைகள் போதாதா? களத்துமேட்டில் கூலி நெல்லுக்குத் துண்டை ஏந்திக்கொண்டு என் அப்பன் நின்ற வரிசை, ரேஷனில் நான் நின்ற வரிசை, ஆஸ்பத்திரியில் சீட்டுக்கு மீனம்பாள் நின்ற வரிசை. அதட்டினால் நிற்பதும் அதட்டினால் நடப்பதும் எங்களுக்கு யாரும் பழக்கித் தர வேண்டியதில்லை. இதில் அதட்டுவது வேறு தெரியாத பாஷையில். சாவ்தான் என்றால் விறைத்து நிற்க வேண்டுமாம். விஷ்ராம் என்றால் தளர்ந்துகொள்ளலாமாம்.

“படிக்க அனுப்பனா இது இன்னாத்துக்கு?” என்று கேட்டேன்.

“பரேடு முடிஞ்சா பூரி குடுக்கறாங்கய்யா. முட்டையும் உண்டு. துன்னுட்டு வரட்டுமே” என்றாள் மீனம்பாள்.

“பூரிக்கா போறேன் நானு?” என்று கத்திவிட்டு, அன்றைக்கு முழுக்க அம்மாவிடம் பேசவில்லை தமிழினி.

எதற்குப் போகிறாள் என்பது எனக்கு ஜூலை மாதத்தில் ஒருநாள் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு அரிசி இறக்கப் போயிருந்தோம், நானும் செந்தமிழனும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாம் காக்கி. எந்தப் பிள்ளை பஜார் தெருவிலிருந்து வருகிறது, எது தளவானூர் பஸ்ஸில் வருகிறது, எது எங்கள் காலனி என்று சட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக நிற்கும்போது சொல்லிவிடலாம். யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அதைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்.

என்.சி.சி.யைப் பார்க்கிற ஆண்டாள் டீச்சர் வந்து நின்று ஒரு குரல் கொடுத்தார். ஒல்லியான ஆள், குரல் அப்படி இல்லை. நெட்டையான பிள்ளைகள் வலது பக்கம், குட்டையான பிள்ளைகள் இடது பக்கம், உயரப்படி நில் என்பது அந்தக் குரலுக்கு அர்த்தம். கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி அளந்து பார்த்துக்கொண்டு இடம் மாறினார்கள். பஜார் தெருப் பிள்ளைக்கும் அதன் சிநேகிதிக்கும் நடுவில் யாரோ புகுந்தாள். காலனிப் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று மூலைக்குப் போனார்கள். உயரம் ஒன்றைத் தவிர அங்கே வேறு கேள்வி இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் நான் பிறந்ததிலிருந்து பார்த்த வரிசை ஒன்றும் அங்கே இல்லை. வேறு ஒரு வரிசை நின்றது.

அதன் வலது ஓரத்தில் என் மகள் நின்றிருந்தாள்.

“தாஹினே சஜ்!” என்றார் டீச்சர்.

எல்லாத் தலைகளும் வலது பக்கம் திரும்பின. எல்லாரும் வலது கையை மூடிப் பக்கவாட்டில் நீட்டி, அடுத்து நிற்பவளின் தோளைத் தொட்டார்கள். தள்ளி நகர்ந்தார்கள், முன்னே வந்தார்கள், பின்னே போனார்கள், வரிசையை நேராக்கினார்கள். தமிழினி மட்டும் அசையவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக, எங்கள் லாரியைத் தாண்டி, மதிலைத் தாண்டி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்து நின்று அவள் தோளில் கைவைத்திருந்த பிள்ளையை எனக்குத் தெரியும். மண்டி முதலாளி வெற்றிவேலின் மகள், கலைவாணி.

“மச்சான், ஒம் பொண்ணடா” என்றான் செந்தமிழன். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். “எல்லாம் அதயே பாக்குதுங்க. எதுனா தப்பு பண்ணிச்சா?”

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்களில் ஒருத்தரை ஒரு கூட்டமே திரும்பிப் பார்த்தால் அதற்கு வேறு காரணம் இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். “நான் மார்க்கர் நைனா” என்றாள். “மார்க்கர வெச்சுத்தான் லைன் சரி பண்ணுவாங்க. எல்லாரும் நகருவாங்க, மார்க்கர் நகரக் கூடாது. மார்க்கர் கோணிகினா மொத்தமும் கோணிக்கும்.”

“பக்கத்துல மொதலாளி பொண்ணு நிக்குதே?”

“கலைவாணியா? என்னவிட ஒரு வெரக்கட கம்மி. சூப்பரா மார்ச் பண்ணுவா. சஜ் சொன்னா கைய மட்டும் நேரா நீட்டாம முட்டியில மடக்கிடுவா, மிஸ்கிட்ட திட்டு வாங்கிக்குவா.”

அதற்குப் பிறகு நான் அதட்டலைப் பற்றிப் பேசவில்லை. மீசை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகினவன் நான். தமிழினியின் பழைய நோட்டில், ரெட்டைக் கோட்டுக்குள்ளே, எழுத்துகளை நிற்க வைக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒன்று சாயும், ஒன்று கோட்டைத் தாண்டும். எல்லாம் ஒழுங்காக நின்ற அன்றைக்குத்தான் அது என் பெயர் என்று எனக்கே தெரிந்தது. சேர்ந்து நிற்கப் பழகுவது அடங்கிப் போவதற்கு என்று நினைத்திருந்தேன். நினைப்பு தப்பு.

தமிழினி சாலையில் என் காலைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே, ஆகஸ்டு பதினைந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெற்றிவேல் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னைவிட வயதில் சிறியவர். என்னை நீ என்பார், நான் நீங்க என்பேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருவார். பள்ளிக்கூடத்துக் கொடிமேடையை அவர்தான் கட்டித் தந்தார். பெற்றோர் கழகத்துக்குத் தலைவர். இந்த வருஷம் கொடியேற்றுவதும் அவர்தான்.

“ராமச்சந்திரா, ஒம் பொண்ணு என்.சி.சி.ல இருக்குதாமே. பாப்பா சொல்லிச்சு. நல்லா பண்ணுதாம்.”

“ஆமாங்க.”

“சந்தோஷம். ஒண்ணும் இல்ல, எங்க பாப்பா மொதல்ல நிக்கணும்னு எங்க வூட்டுல ஆசப்படறாங்க. நான் கொடி ஏத்தறேன், அது மொதல் எடத்துல நிக்குது, ஒரு போட்டோ. அந்த டீச்சரம்மாகிட்ட கேட்டேன். ஒசரம்தான் கணக்குன்னுட்டாங்க. மொகத்துல அடிச்ச மாதிரி சொல்றாங்கப்பா.” சிரித்தார். “ஒம் பொண்ணு வரலன்னா அடுத்த ஒசரம் எங்க பாப்பாதானாம். அன்னிக்கு ஒரு நாள் காய்ச்சல்னு படுத்துகிச்சுன்னா யாருக்கு இன்னா நஷ்டம்? அடுத்த வருஷம் ஒம் பொண்ணே நிக்கட்டும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிந்தின நெல்லை ஒரு கோழி கொத்திக்கொண்டிருந்தது.

“இன்னா, சரிதான?”

“சொல்றேங்க” என்றேன்.

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வாயிலிருந்து வரும் ‘சொல்றேங்க’வுக்கு அதுதான் அர்த்தம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டீக்குப் போனபோது செந்தமிழன் விடவில்லை. “இன்னாடா தனியா கூப்ட்டு பேசனாரு மொதலாளி? சம்மந்தம் கிம்மந்தம் பேசறாரா?”

தேவேந்திரன் பெஞ்சில் தட்டிச் சிரித்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“ஒரு நாள்தான மச்சான்” என்றான் தேவேந்திரன். மெதுவாகத்தான் சொன்னான். “மண்டி வேணும் நமக்கு.”

செந்தமிழன் டீயைக் குடித்து முடித்தான். கிளாசை வைத்துவிட்டு, “நீ இன்னா சொன்ன?” என்றான்.

“சொல்றேன்னு சொன்னேன்.”

“சொல்லு அப்ப” என்று எழுந்து போய்விட்டான். அது என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் தமிழினி வாசலில் உட்கார்ந்து பெல்ட்டின் பித்தளையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியின் சிவப்புக் குஞ்சத்தை ஏற்கெனவே சீவி வைத்திருந்தாள். நான் மீனம்பாளிடம் சொல்வது போல அவள் காதிலும் விழும்படி சொன்னேன். மீனம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஒரு நாளுக்கு ஒடம்பு சரியில்லன்னு இருந்துட்டு போவட்டுமேய்யா. அந்த மனுஷன எதுத்துக்கினு எங்க போய் மூட்ட தூக்குவ நீ? ஒன் முதுவுக்கு புதுசா எவன் வேல குடுப்பான்?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் தமிழினியைப் பார்த்தேன். தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

“கலைவாணி கேட்டாளா?” என்றாள்.

“அந்த பொண்ணு இல்ல. அதோட நைனா.”

“அதான பாத்தேன். அவ கேக்க மாட்டா.” பித்தளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “அவளுக்கு அந்த எடம் வேணும்னா ஒசரமா வளரச் சொல்லு நைனா.”

மீனம்பாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை மறைக்க, “வாயப் பாரு, வாய” என்று திட்டினாள்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒருத்தன் அடி விழுந்தால் என் கால் விலகிக்கொள்கிறது. பலகையில் மட்டும் என்று நினைத்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு ‘சொல்றேங்க’ என்றேனே, அங்கே பலகை ஏது? நான் விலகிவிட்டு இப்போது இவளையும் விலகச் சொல்ல வந்திருக்கிறேன். இவள் முதுகில் மூட்டை இல்லை. இவள் நிற்கிற இடம் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை, எலும்பு வளர்ந்து வந்தது.

“பூட்ஸ குடு” என்றேன். “நான் பாலீஷ் போடறேன்.”

பதினைந்தாம் தேதி நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மீனம்பாளும் வந்தாள். வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தவள், மைதானத்துக்குள் நுழைந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய் நின்றாள். வெற்றிவேல் கொடிமேடை மேல் இருந்தார். என்னைப் பார்த்தார். முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை.

“தேஜ் சல்!”

பிள்ளைகள் வந்தார்கள். முதலில் சத்தம்தான் வந்தது. ஒரே சத்தம். அத்தனை காலுக்கும் சேர்த்து ஒரு கால் இருப்பது போல. குட்டைப் பிள்ளைகள் எட்டிப் போட்டார்கள், நெட்டைப் பிள்ளைகள் குறுக்கிப் போட்டார்கள், அந்தச் சத்தத்துக்காக. தரை அதிர்வது என் உள்ளங்காலில் தெரிந்தது. ஒரே அடி என்றால் பயப்பட வேண்டும் என்று பழகின கால் அது. அன்று பயப்படவில்லை. இத்தனை கால் ஒன்றாக விழுந்தால் எந்தப் பலகை தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடிமேடைக்கு எதிரே வந்து நின்றார்கள்.

“தாஹினே சஜ்!”

தலைகள் திரும்பின. பஜார் தெரு, காலனி, தளவானூர் பஸ், சீயமங்கலத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை, எல்லாம் திரும்பின. கைகள் நீண்டன. வெற்றிவேல் போட்டோ எடுக்க போனைத் தூக்கினார். போனில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மகளின் முகம் அவர் பக்கம் இல்லை. அவள் முகம் தமிழினியைப் பார்த்திருந்தது. அவள் கை அன்றைக்கு மடங்கவில்லை. கோல் மாதிரி நீண்டு என் மகளின் தோளில் நின்றது. போன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது.

தமிழினி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

மறுநாள் மண்டிக்குப் போனேன். லாரி நின்றிருந்தது. பலகை போட்டாகிவிட்டது. வெற்றிவேல் நாற்காலியில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலேயே என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், ஈ ஓட்டுவது போல.

“இன்னிக்கு ஆளு போதும்” என்றார்.

“இருக்கற மூட்டைக்கு ஆளு கம்மிங்க” என்றேன்.

“போதும்னு சொன்னேன்.”

நான் போகவில்லை. கொக்கியை இடுப்பிலிருந்து எடுத்தேன். மூட்டை அடுக்கின் ஓரத்தில் போய்க் குனிந்து முதுகைக் கொடுத்து நின்றேன்.

மூட்டையை ஒருத்தன் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. எவ்வளவு பலசாலியானாலும் முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு காதை, மூட்டையின் மூலையை, பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். அவர்கள் வைக்காவிட்டால் அவன் வெறும் முதுகோடு குனிந்து நிற்க வேண்டியதுதான். நான் அப்படி நின்றேன். சிமெண்டுத் தரையும் என் கால்களும் மட்டும் தெரிந்தன. லாரி டிரைவர் பாட்டை நிறுத்தினான்.

“தூக்குங்கடா” என்றேன்.

செந்தமிழனின் செருப்பு வந்தது. மூட்டையின் ஒரு காதைப் பிடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு காதுக்கு ஆள் வர வேண்டும். குனிந்தபடியே தேவேந்திரனின் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்கள். அவை முதலாளியின் நாற்காலி பக்கம் திரும்பின. அங்கேயே கொஞ்சம் நின்றன.

“டேய் தேவேந்திரா” என்றார் வெற்றிவேல்.

அந்தக் கால்கள் என் பக்கம் திரும்பி வந்தன.

மூட்டை முதுகில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் பாரம் வந்து விழுந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான். தேவேந்திரனும் இன்னொருவனும் செந்தமிழனுக்குத் தூக்கி வைக்கும்வரை நின்று, பலகையில் கால் வைத்தேன். பின்னாலேயே செந்தமிழன் தன் மூட்டையோடு ஏறினான். அவன் அடி என் அடியோடு விழுந்தது. பலகை ஆடியது. என் கால் பழக்கத்தில் விலகப் பார்த்தது. அவனுடையதும் விலகப் பார்ப்பது கேட்டது.

“கால மாத்தாத” என்றேன். ஆடினாலும் இன்று விலகப் போவதில்லை.

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் வந்தது. நான் திரும்பவில்லை. அடுத்த அடி இரண்டு பேருக்கும் ஒன்றாக விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. எங்களுக்குக் கீழே பலகை வளைந்து, முனகி, எழும்பியது.